இரைச்சல் இசைத்தட்டுகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

என் அலமாரியில் உள்ள வினைல் தட்டுகளில் ஏறக்குறைய பாதி, வீட்டுக்கு வருகிறவர்கள் முன்னால் போடத் தயங்க வேண்டியவை. தயக்கத்தை மீறிப் போட்டுவிட்டால் முதல் நிமிடம் முடிவதற்குள் கேள்விகள் தொடங்கிவிடும்; ஆள் மாறினாலும் கேள்விகள் பெரும்பாலும் மாறுவதில்லை. நண்பர்களும் உறவினர்களும், இந்த இசைக்குள் புதிதாக வந்த இளைஞர்கள் சிலரும் கேட்டவற்றை அவர்கள் கேட்ட சொற்களிலேயே இங்கே தொகுத்திருக்கிறேன். பின்னால் வரும் பதில்கள் முன்னால் சொன்னவற்றைச் சுட்டும் என்பதால் வரிசையாகப் படிப்பது நல்லது.

இது பாட்டா, இல்லை மெஷின் கெட்டுப்போச்சா?

மெஷின் நன்றாகத்தான் இருக்கிறது. இரைச்சலை இசைக்கான மூலப்பொருளாகக் கொள்ளும் எண்ணம் புதியதும் அல்ல. இத்தாலிய ஓவியர் லூயிஜி ருஸ்ஸோலோ 1913இலேயே ‘இரைச்சல்களின் கலை’ என்றொரு அறிக்கை எழுதி, எந்திரங்களுக்கு நடுவில் வாழப் பழகிய காதுக்கு வயலினும் புல்லாங்குழலும் மட்டும் போதாது என்று வாதிட்டார். கைப்பிடியைச் சுழற்றினால் உறுமவும் கீச்சிடவும் செய்யும் பெட்டிகளைச் செய்து, 1914இல் மிலான் நகரில் கச்சேரியும் நடத்தினார். தமிழில் முதல் பேசும் படம் வந்தது 1931இல் என்பதை நினைத்துக்கொண்டால், நாம் ‘நவீனக் கிறுக்குத்தனம்’ என்று ஒதுக்குவதன் வயது விளங்கும்.

இசையா இல்லையா என்ற வழக்கை நான் நடத்துவதில்லை. ஒரு சாட்சியை மட்டும் சொல்லிவிட்டு நகர்கிறேன். அமெரிக்க ராக் பாடகர் லூ ரீட் 1975இல் வெளியிட்ட ‘மெட்டல் மெஷின் மியூசிக்’ என்னும் இரட்டைத் தட்டு முழுக்க முழுக்க கிட்டார் ஃபீட்பேக்கால், அதாவது ஸ்பீக்கரின் ஒலி திரும்பக் கிட்டாருக்குள் போய்ச் சுழன்று எழுப்பும் கூச்சலால் ஆனது. வெளிவந்த காலத்தில் பலர் அதைக் கேலி என்றும் மோசடி என்றும் எண்ணினார்கள். பிற்பாடு உல்ரிக் க்ரீகர் என்னும் சாக்ஸபோன் கலைஞர் அதைச் சுரப்படுத்தி எழுத, ட்ஸைட்க்ராட்ஸர் என்ற குழு 2002இல் பெர்லினில் வயலின் முதலான சாதாரண வாத்தியங்களைக் கொண்டே அதை வாசித்துக் காட்டியது. எழுதி வாசிக்கக்கூடிய ஒன்றைக் கோளாறு என்று ஒதுக்குவது கடினம்.

இண்டஸ்ட்ரியல், பவர் எலக்ட்ரானிக்ஸ், ஹார்ஷ் நாய்ஸ்... எல்லாம் ஒண்ணுதானே அண்ணா?

ஒரே குடும்பம்தான், ஆனால் தலைமுறைகள் வேறு. ‘இண்டஸ்ட்ரியல்’ என்ற பெயர், லண்டனைச் சேர்ந்த த்ராபிங் க்ரிஸில் குழு 1976இல் தொடங்கிய இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸ் என்னும் நிறுவனத்திலிருந்து வந்தது. இதில் குரல் உண்டு, சில சமயம் தாளமும் உண்டு. ஷெஃபீல்டின் கேபரே வால்டேர், மேற்கு பெர்லினில் தகரத்தையும் துளைப்பொறியையும் வாத்தியமாக்கிய ஐன்ஸ்ட்யூர்ட்சென்டே நொய்பௌடன் ஆகியோர் இந்த வகையைச் சேர்ந்தவர்கள். ‘பவர் எலக்ட்ரானிக்ஸ்’ என்பது 1980இல் தொடங்கிய வைட்ஹவுஸ் குழுவின் வில்லியம் பென்னட் வைத்த பெயர்: சின்தசைஸரின் கூர்மையான அலறல், அடியில் ஓர் உறுமல், மேலே வசைமொழி போலக் கத்தும் குரல்.

ஹார்ஷ் நாய்ஸில் அந்தக் குரலும் மறைந்துவிடுகிறது, அல்லது கரைந்துவிடுகிறது. அதன் வேர் பெரும்பாலும் ஜப்பானில் இருக்கிறது. டோக்கியோவின் மசாமி அகிதா 1979 முதல் மெர்ஸ்பௌ என்ற பெயரில் இயங்குகிறார்; குர்ட் ஷ்விட்டர்ஸ் என்னும் ஜெர்மானியக் கலைஞர் கண்டெடுத்த பொருள்களைக் கொண்டே தன் வீட்டுக்குள் கட்டியெழுப்பிய ‘மெர்ட்ஸ்பௌ’விலிருந்து எடுத்த பெயர் அது. ஒசாகா, கியோத்தோ பக்கம் ஹிஜோகைதான் குழுவும், அதே வட்டத்தில் பகலில் வங்கியில் வேலை பார்த்துக்கொண்டு இரவில் இரைச்சல் எழுப்பிய தோஷிஜி மிகாவாவின் இன்கெபாசிடன்ட்ஸும் இருந்தார்கள். வங்கி ஊழியர் என்ற அந்தத் தகவல் ஏனோ எனக்கு எப்போதும் ஆறுதல் அளிக்கிறது.

எந்தத் தட்டுல ஆரம்பிக்கிறது?

த்ராபிங் க்ரிஸிலின் ‘20 ஜாஸ் ஃபங்க் கிரேட்ஸ்’ (1979). உறையில் நால்வரும் பூச்செடிகளுக்கு நடுவே சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அந்த இடம் தற்கொலைகளுக்குப் பேர்போன பீச்சி ஹெட் என்னும் இங்கிலாந்துக் கடற்கரைப் பாறை முகடு. தட்டின் சுபாவமும் அதுவே: மேலே மென்மை, கீழே பாதாளம். அடுத்து நொய்பௌடனின் ‘கொலாப்ஸ்’ (1981). அதன் பிறகு முன்னே சொன்ன ‘மெட்டல் மெஷின் மியூசிக்’. இந்த மூன்றும் உங்களைத் துரத்தவில்லை என்றால், ஹிஜோகைதானின் ‘கிங் ஆஃப் நாய்ஸ்’ (1985), மெர்ஸ்பௌவின் ‘பட்ஸ்டௌடாய் வித் மெட்டீரியல் கேட்ஜட்ஸ்’ (1986) ஆகியவற்றுக்குப் போகலாம். எடுத்த எடுப்பில் கடைசியிலிருந்து தொடங்குவதை வீரமாக நினைக்கும் தம்பிகள் உண்டு. அவர்களில் பலர் மூன்றாவது தட்டைத் தாண்டுவதில்லை.

மெட்டும் இல்ல, தாளமும் இல்ல. எதைப் பிடிச்சுக்கிட்டுக் கேட்கிறது?

தம்புராவின் சுருதியை மட்டும் பத்து நிமிடம் உட்கார்ந்து கேட்டவர்களுக்கு இந்தக் கேள்விக்கான பதில் பாதி தெரியும். தந்திகள் பஞ்சமமும் சட்ஜமமும்தான்; ஆனால் சுருதி நன்றாகச் சேர்ந்திருந்தால், யாரும் மீட்டாத அந்தர காந்தாரம் தானாக எழுந்து நிற்கும். அது வெளியே வரும்வரை காத்திருக்கிற காதுதான் இங்கும் வேண்டியிருக்கிறது.

‘மெட்டல் மெஷின் மியூசிக்’கின் முதல் பக்கத்தை எடுத்துக்கொள்ளுங்கள். ஆம்ப்ளிஃபயரை நோக்கிச் சாய்த்து வைத்த கிட்டார்கள் தம்மைத் தாமே மீட்டிக்கொள்கின்றன. அந்த ஒலிநாடாக்கள் வெவ்வேறு வேகங்களில் ஓட்டப்பட்டு ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கப்பட்டிருக்கின்றன. முதல் இரண்டு நிமிடம் ஒரே கூச்சல். பிறகு, இடது ஸ்பீக்கரில் வருவதும் வலது ஸ்பீக்கரில் வருவதும் தனித்தனிப் பொருள்கள் என்று காது கண்டுகொள்ளும். இடதில் குருவிக்கூட்டம் போன்ற ஒரு கீச்சு இருந்தால், அதை மட்டும் ஒரு நிமிடம் பின்தொடருங்கள். அது தேய்ந்து, அடியில் கிடந்த ரீங்காரம் ஒன்று மேலே வரும். அதற்குப் போங்கள். இவ்வாறு இழை மாற்றி இழை பிடித்துக்கொண்டு போனால், பக்கம் முடியும்போது நீங்கள் கேட்டது பக்கத்தில் உட்கார்ந்தவர் கேட்டதாக இருக்காது.

ஒலியளவைப் பற்றி ஒரு சொல்: மிதமான ஒலியிலேயே இவை எல்லாம் கேட்கும். சத்தமாக வைத்தால்தான் புரியும் என்பது பழகாதவர்களின் நம்பிக்கை.

இரைச்சல் தட்டுல கீறல் விழுந்தா என்ன, யாருக்குத் தெரியப்போகுது?

தெரியும், அதுவும் கணக்காகத் தெரியும். நிமிடத்துக்கு 33⅓ சுற்று ஓடும் தட்டு ஒரு சுற்றை முடிக்க 1.8 நொடி எடுத்துக்கொள்கிறது. ஆரப்போக்கில், அதாவது விளிம்பிலிருந்து மையம் நோக்கி விழுந்த கீறல், ஊசி அதைக் கடக்கும் ஒவ்வொரு சுற்றிலும் ஒரு முறை ‘டப்’ என்று சொல்லும். ஆகவே 1.8 நொடிக்கு ஒரு முறை தவறாமல் வரும் சொடுக்கு தட்டின் காயம். அந்த ஒழுங்குக்குள் அடங்காத சொடுக்கு பெரும்பாலும் கலைஞர் வைத்தது, அல்லது தூசி. 45 சுற்றுத் தட்டுக்கு இந்த இடைவெளி 1.33 நொடி. கைக்கடிகாரத்தோடு உட்கார்ந்து, ஒரு சொடுக்குக்குப் பின் பத்துச் சொடுக்குகளை எண்ணினால் 18 நொடி ஆகிறதா என்று பார்த்துவிடலாம். பழைய தட்டு வாங்கும்போது நான் இன்றும் இப்படித்தான் சோதிக்கிறேன்.

தொடர்ச்சியான சீறலைப் பிரித்தறிவது இதைவிடக் கடினம். த்ராபிங் க்ரிஸிலின் முதல் தட்டான ‘தி செகண்ட் ஆனுவல் ரிப்போர்ட்’ (1977) கேசட்டில் பதிவான கச்சேரிப் பகுதிகளையும் கொண்டது. அதில் கேட்கும் சீறலில் பெரும்பகுதி மூலத்திலேயே உள்ளது, எவ்வளவு கழுவினாலும் போகாது. ஊசியைத் தட்டின் ஓரத்தில், ஒலி தொடங்குவதற்கு முன்னுள்ள வெற்றுப் பள்ளத்தில் வைத்துக் கேளுங்கள். அங்கே கேட்பது உங்கள் தட்டின் இரைச்சல். ஒலி தொடங்கியதும் அதற்கு மேல் வந்து சேருவது அவர்களுடையது.

வினைல்லதான் இதோட உண்மையான ஒலி வரும்னு சொல்றாங்களே, நிஜமா?

நிஜமில்லை, குறைந்தபட்சம் ஹார்ஷ் நாய்ஸ் விஷயத்தில். இதைச் சொன்னால் சேகரிப்பாளர்களில் சிலர் முகம் சுளிப்பார்கள். ஆனால் இயற்பியல் அவர்கள் பக்கம் இல்லை. 1954 முதல் பொதுவழக்கில் உள்ள ஆர்.ஐ.ஏ.ஏ. என்னும் விதிப்படி, தட்டில் பள்ளத்தை வெட்டும்போது தாழ்ந்த ஒலியைக் குறைத்தும் உயர்ந்த ஒலியைக் கூட்டியும் வெட்டுவார்கள். கேட்கும் பக்கத்தில் ஆம்ப்ளிஃபயர் அதை நேர்செய்யும். 20 ஹெர்ட்ஸில் சுமார் 19 டெசிபெல் குறைப்பு, 20,000 ஹெர்ட்ஸில் சுமார் 20 டெசிபெல் கூட்டல். சாதாரண இசையில் உச்ச ஒலிகளின் பங்கு சிறியது என்பதால் இது பழுதில்லாமல் நடக்கிறது. இரைச்சலில் அந்த உச்சப் பகுதி இடைவிடாமல் நிறைந்திருக்கிறது. அதையும் 20 டெசிபெல் கூட்டினால், வெட்டும் தலையின் கம்பிச்சுருள் சூடேறிப் பழுதாகும் நிலைக்குப் போகும். ஆகவே வெட்டுகிறவர் மொத்த ஒலியளவைக் குறைப்பார், அல்லது உச்சத்தை அடக்கும் கருவியைப் போடுவார். எப்படியும் கலைஞர் கொடுத்தது அப்படியே தட்டில் ஏறுவதில்லை.

தாழ்ந்த பகுதியிலும் சங்கடம் உண்டு. இடது, வலதுக்கு இடையே எதிர்க்கட்டத்தில் (ஒன்று ஏறும்போது மற்றது இறங்குமாறு) இருக்கும் கனமான உறுமல், பள்ளத்தை மேலும் கீழுமாக ஏறி இறங்க வைத்து ஊசியைத் துள்ளச் செய்யும். அதனால் அடித்தள ஒலியை இரண்டு பக்கத்துக்கும் பொதுவாக்கிவிடுவார்கள். இதற்கெல்லாம் மேலாகத் தட்டின் வேகம் இருக்கிறது. பன்னிரண்டு அங்குலத் தட்டின் வெளிவிளிம்பில் பள்ளம் நொடிக்குச் சுமார் 51 சென்டிமீட்டர் வேகத்தில் ஊசியின் கீழ் ஓடுகிறது; உள்விளிம்புக்கு வரும்போது அது சுமார் 21 சென்டிமீட்டராகக் குறைந்துவிடும். அதே கூர்மையான ஒலியை அரைவாசிக்கும் குறைவான இடத்தில் நெருக்கி எழுத வேண்டியிருப்பதால், பக்கத்தின் முடிவை நெருங்க நெருங்க விளிம்புகள் மழுங்கும்.

1990களில் புகழ்பெற்ற மெர்ஸ்பௌவின் ‘வெனரியாலஜி’ (1994), ‘பல்ஸ் டீமன்’ (1996) ஆகியவை சிடியாகவே பிறந்தவை என்பதைக் கவனியுங்கள். அவற்றை வினைலில் கேட்பது மொழிபெயர்ப்பில் படிப்பது போன்றது. நல்ல மொழிபெயர்ப்பாகவே இருக்கலாம். ஆனால் 1980களின் முற்பகுதி வரையிலான இண்டஸ்ட்ரியல் தட்டுகள் வினைலையும் கேசட்டையும் மனத்தில் வைத்தே செய்யப்பட்டவை. தட்டின் குறையையே கருவியாக்கிய பதிப்புகளும் உண்டு. நான் வினைலுக்குக் காசு கொடுப்பது இந்த இரண்டு வகைக்குத்தான்.

அப்ப ஏன் சிலது பெரிய தட்டா இருந்தும் 45 ஸ்பீடுல, பக்கத்துக்குப் பத்துப் பன்னிரண்டு நிமிஷம்தான் வருது?

மேலே சொன்ன காரணத்தால்தான். தட்டு வேகமாகச் சுழன்றால் அதே ஒலியை எழுத அதிக நீளம் கிடைக்கும். ஒலியளவைக் கூட்டினால் பள்ளம் அகலமாகும், அகலமானால் நேரம் குறையும். இரைச்சலுக்கு இரண்டும் வேண்டும். 25 நிமிடத்துக்கு மேல் ஒரு பக்கத்தில் திணித்த ஹார்ஷ் நாய்ஸ் தட்டைக் கண்டால், அது தாழ்ந்த குரலில் பேசும் என்று எதிர்பார்த்தே வாங்குங்கள்.

லாக்டு க்ரூவ்னா என்ன? என் தட்டு கடைசியில மாட்டிக்கிட்டு ஒரே இடத்துல சுத்துது.

மாட்டிக்கொள்ளவில்லை, அது அங்கே தங்குவதற்காகவே அப்படி வெட்டப்பட்டிருக்கிறது. எல்லாத் தட்டுகளிலும் கடைசிப் பள்ளம் ஊசி தாண்டி ஓடாமல் இருக்க ஒரு வட்டமாக மூடப்பட்டிருக்கும். அந்த வட்டத்தில் ஒலியை வைத்தால், 33⅓இல் 1.8 நொடி நீளமுள்ள ஒரு துண்டு நீங்கள் எழுந்துபோய் ஊசியைத் தூக்கும்வரை திரும்பத் திரும்ப ஒலிக்கும். ‘மெட்டல் மெஷின் மியூசிக்’கின் நான்காம் பக்கம் இப்படித்தான் முடிகிறது, அதாவது முடியாமல் இருக்கிறது.

இந்த உத்தியின் தாயகம் பாரிஸ் வானொலி. ஒலிநாடா கைக்கு வருவதற்கு முன், அங்கே பணியாற்றிய பியர் ஷேஃபர் தட்டுகளை மட்டுமே கொண்டு வேலை செய்தார். மூடிய பள்ளத்தில் ஓர் ஒலியைச் சிறைப்பிடித்துத் திரும்பத் திரும்பக் கேட்டால், அது எதிலிருந்து வந்தது என்பது மறந்துபோய் ஒலி மட்டுமே எஞ்சுகிறது என்பதை அவர் கண்டார். பாட்டின்யோல் ரயில் நிலையத்தில் பதிவு செய்த எஞ்சின் ஓசைகளைக் கொண்டு அவர் உருவாக்கிய படைப்பு 1948 அக்டோபர் 5 அன்று ஒலிபரப்பானது.

இதை எல்லை வரை கொண்டுபோனவர் அமெரிக்காவின் லோவல் நகரில் ஆர்.ஆர்.ரெக்கார்ட்ஸ் என்னும் கடையும் வெளியீட்டகமும் நடத்திய ரான் லெஸ்ஸார்ட். முதலில் நூறு மூடிய பள்ளங்கள் கொண்ட ஏழு அங்குலத் தட்டு. பிறகு 1998இல் ‘ஆர்.ஆர்.ஆர்.-500’, ஒரே பெரிய தட்டில் ஐந்நூறு பள்ளங்கள், ஐந்நூறு பேர். இதைப் போடுவதற்கென்று ஒரு கைப்பழக்கம் வேண்டும்: ஊசிக்கையை நெம்புகோலால் இறக்குவதா, விரலால் வைப்பதா என்பதில் தொடங்கி, எந்தப் பள்ளத்தில் விழுந்தோம் என்பது விழுந்த பிறகே தெரியும். ஒரு பள்ளத்தில் யாரோ இருமுவது போலிருக்கும், அடுத்ததில் இரும்புக் கதவு. மயிரிழை தள்ளினால் வேறொருவர் வீட்டுக்குள் போய்விடுவோம். பட்டியலைப் பார்த்துக் குறிப்பிட்ட ஒருவரின் பள்ளத்தைத் தேடும் முயற்சியை நான் கைவிட்டுப் பல வருடம் ஆகிறது.

லேபிள்ல எந்த வேகம்னே போடலையே, எப்படிப் போடுறது?

உங்கள் விருப்பம். பாய்ட் ரைஸ் என்னும் கலைஞர் ‘நான்’ (NON) என்ற பெயரில் 1978இல் வெளியிட்ட ‘பேகன் மியூசாக்’ என்னும் ஏழு அங்குலத் தட்டில் பதினேழு மூடிய பள்ளங்கள் உண்டு. எந்த வேகத்திலும் போடலாம், மையம் விலகிய கூடுதல் துளையிலும் மாட்டலாம். அந்தத் துளையில் மாட்டினால் ஊசிக்கை படகு போல ஆடும், ஒவ்வொரு சுற்றிலும் சுருதி ஏறி இறங்கும். இலேசான ஊசியாக இருந்தால் கண்ணை எடுக்காதீர்கள்.

ஊசி, ஸ்பீக்கர், காது... இதுல எது முதல்ல போகும்?

ஸ்பீக்கரில் உச்ச ஒலியைத் தரும் பகுதியான ட்வீட்டர்தான் முதலில் போகும். சாதாரண இசையில் உச்ச ஒலி விட்டுவிட்டுத்தான் வரும் என்ற நம்பிக்கையில்தான் ட்வீட்டரைச் சிறியதாகச் செய்கிறார்கள். இருபது நிமிடம் ஓய்வே இல்லாமல் உச்ச ஒலியைச் செலுத்தினால் அதன் கம்பிச்சுருள் சூடேறும். ஆம்ப்ளிஃபயர் தன் சக்திக்கு மீறி முக்கத் தொடங்கினால் சீக்கிரமே கருகும். இரைச்சல் தட்டில் ஆம்ப்ளிஃபயர் முக்குவது காதுக்குத் தெரியாது என்பதுதான் இதில் உள்ள வில்லங்கம். நான் ஒரு ஜோடி ட்வீட்டரை இவ்வாறு இழந்திருக்கிறேன். தட்டு மிக அழகாக மென்மையாகிக்கொண்டு வருகிறது என்று எண்ணி ரசித்துக்கொண்டிருந்தேன்.

ஊசிக்கு இரைச்சலைவிட அழுக்குதான் எதிரி. வைர ஊசி பொதுவாக 500 முதல் 1000 மணி நேரம் வரை உழைக்கும். மூடிய பள்ளத்தில் தட்டின் தேய்மானத்தைக் கணக்கிட்டுப் பாருங்கள்: 1.8 நொடிக்கு ஒரு சுற்று என்றால், ஊசியை ஒரு மணி நேரம் விட்டுவிட்டுச் சமையலறைக்குப் போய்விட்டால் அந்த ஒரு பள்ளத்தின் மேல் ஊசி 2000 முறை ஓடியிருக்கும். ஒரு பாட்டுத் தட்டை வாரம் ஒரு முறை போட்டால் அந்த எண்ணிக்கையை எட்ட 38 ஆண்டு ஆகும்.

காதுக்கு விடுமுறை எடுக்க மாற்று ஆள் கிடையாது. தொழில்சார் பாதுகாப்பில் பரவலாகப் பின்பற்றப்படும் அமெரிக்கப் பரிந்துரை, 85 டெசிபெல் என்றால் எட்டு மணி நேரம், அதற்கு மேல் ஒவ்வொரு 3 டெசிபெலுக்கும் நேரம் பாதி என்பது. அதன்படி 94 டெசிபெலுக்கு ஒரு மணி நேரம், 100 டெசிபெலுக்குப் பதினைந்து நிமிடம், அதாவது ஒரு பக்கம்கூட இல்லை. கேட்டு முடித்த பிறகு காதில் ‘கொய்’ என்று ஒலித்தால் அளவு மீறிவிட்டது என்று பொருள்.

லேத் கட்னு எழுதி விக்கிறாங்க. அது என்ன, நல்லதா?

அச்சுக்குப் போகாமல், ஒவ்வொரு பிரதியையும் வெட்டும் எந்திரத்தில் தனித்தனியே நேரடியாக வெட்டுவது. அச்சு வார்த்துத் தட்டு அடிக்கக் குறைந்தது நூற்றுக்கணக்கில் எடுத்தால்தான் கட்டுப்படியாகும். இருபது, முப்பது பிரதி போதும் என்பவர்களுக்கு இதுவே வழி. நியூசிலாந்தின் ஜெரால்டின் என்னும் சிற்றூரில் பீட்டர் கிங் பல ஆண்டுகளாகப் பாலிகார்பனேட் தகடுகளில் வெட்டித் தந்த தட்டுகள் இந்த உலகில் ஒரு தனி மரபாகவே ஆகிவிட்டன. ஒலி மங்கலாகவும் தாழ்வாகவும் இருக்கும், மேற்பரப்பு இரைச்சல் கூடுதல். வெட்டும் வேலையின் சுவடு ஒலியிலேயே தெரிவதால் எனக்குப் பிடிக்கும். துல்லியம் தேடுகிறவர்கள் வாங்கிவிட்டு வருத்தப்படுவார்கள்.

ஒரிஜினல் பிரஸ்ஸிங் வாங்கணுமா? விலையைக் கேட்டா தலை சுத்துது.

‘தி செகண்ட் ஆனுவல் ரிப்போர்ட்’ முதலில் 785 பிரதிகள்தான் அடிக்கப்பட்டது. வெறும் வெள்ளை அட்டை உறை, அதன் மேல் ஒட்டிய தாள்கள். ஓர் அலுவலகக் கோப்பைப் போலிருக்கும். நர்ஸ் வித் வூண்ட் குழுவின் முதல் தட்டு (1979) 500 பிரதிகள். அருமை கருதிக் குறைத்து அடித்ததாக எண்ண வேண்டாம். சிறிய வெளியீட்டாளர்கள் கையில் இருந்த பணத்துக்கு அவ்வளவுதான் அடிக்க முடிந்தது. இன்று அந்த எண்ணிக்கையே விலையாகிவிட்டது.

கேட்பதற்கு மறுபதிப்பு போதும் என்பதே என் கருத்து. த்ராபிங் க்ரிஸிலின் முதல் தட்டை, வெளிவந்து நாற்பது ஆண்டு நிறைந்த 2017இல் மியூட் நிறுவனம் மீண்டும் வினைலில் வெளியிட்டது. ஜெர்மனியின் வினைல் ஆன் டிமாண்ட் என்னும் வெளியீட்டகம், கேசட்டோடு மறைந்திருக்க வேண்டிய பல ஆரம்பகாலப் பதிவுகளைப் பெட்டித் தொகுப்புகளாகக் கொண்டுவந்திருக்கிறது. பழைய பிரதி வாங்கத்தான் வேண்டும் என்றால், ‘வி.ஜி. பிளஸ்’ (மிக நன்று என்பதற்கும் சற்று மேல்) போன்ற தரக்குறிகளை இரைச்சல் தட்டுகள் விஷயத்தில் அப்படியே நம்பாதீர்கள். விற்பவர்களில் பலர் போட்டுப் பார்ப்பதே இல்லை. போட்டாலும் முன்னே சொன்ன 1.8 நொடிச் சோதனையைச் செய்திருக்க மாட்டார்கள். எனக்கு ஒருவர் ‘ஒலியில் குறையில்லை’ என்று எழுதி அனுப்பிய தட்டின் ஒரு பக்கம் முழுக்கக் கடிகாரம் போலச் சொடுக்கியது. கேட்டதற்கு, அது படைப்பின் பகுதி என்று நினைத்ததாகப் பதில் வந்தது. கோபிக்கவும் முடியவில்லை.

சார், இந்த உறைகள்ல இருக்கிற படங்களைப் பார்த்தா பயமா இருக்கு. இவங்க எல்லாம் நாஜிகளா?

எல்லோரும் அல்ல, ஆனால் கேள்வி நியாயமானது. இண்டஸ்ட்ரியல் ரெக்கார்ட்ஸின் இலச்சினையே ஆஷ்விட்ஸ் வதைமுகாமின் மங்கலான நிழற்படம். தொழிற்சாலை என்ற ஏற்பாடு கடைசியில் எங்கே கொண்டுபோய் விடும் என்பதைக் கேட்பவர் முகத்தில் அறைந்து காட்டுவதே நோக்கம் என்று அதைப் படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன். பின்வந்தவர்களில் பலர் அந்த அதிர்ச்சியை மட்டும் எடுத்துக்கொண்டு கேள்வியை விட்டுவிட்டார்கள். போர்க்குற்றங்களும் தொடர்கொலைகாரர்களும் உறை அலங்காரமாகிப்போன ஒரு காலம் இருந்தது. சிலருடைய அரசியல் சார்பு பற்றிய சந்தேகமும் குற்றச்சாட்டும் இன்றுவரை ஓயவில்லை. மேலே குறிப்பிட்ட பாய்ட் ரைஸ் அவர்களில் ஒருவர்.

‘தெளிவின்மைதான் கலை’ என்ற வாதத்தை நான் ஓரளவுக்கு மேல் ஏற்பதில்லை. ஒருவர் நாற்பது ஆண்டு ஒரே சின்னத்தோடு விளையாடிக்கொண்டிருந்தால் அது விளையாட்டு அல்ல. என் அளவில் நான் வைத்துக்கொண்ட வழக்கம்: ஒலி எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், வெறுப்பைப் பரப்புவதற்காகவே நடத்தப்படும் வெளியீட்டகத்துக்கு என் பணம் போகக் கூடாது. எந்தத் தட்டு அந்தக் கோட்டுக்கு எந்தப் பக்கம் என்பதில் நண்பர்களோடு இன்னும் சண்டை போடுகிறேன்.

நம்ம ஊர் வெயிலுக்கும் ஈரத்துக்கும் இதெல்லாம் தாங்குமா?

செங்குத்தாக அடுக்கினால் தாங்கும். மூடிய காரில் ஒரு மதிய நேரம் விட்டால் தாங்காது, வளைந்துவிடும். மழைக்காலத்தில் காகித உள்ளுறைகளில் பூஞ்சை பிடிக்கும். பிளாஸ்டிக் உள்ளுறைக்கு மாற்றிவிடுங்கள். கழுவுவதற்குக் காய்ச்சி வடித்த நீரும் மிகச் சிறிதளவு ஐசோப்ரோப்பைல் ஆல்கஹாலும் போதும். பழைய அரக்குத் தட்டுகள் மேலும், அரக்குப் பூச்சு கொண்ட அசிட்டேட் தட்டுகள் மேலும் ஆல்கஹால் படக் கூடாது.

மாற்றமே இல்லாத ஒரு சுவர் மாதிரி இருபது நிமிஷம். இதுல கேட்க என்ன இருக்கு?

நீங்கள் சொல்வது ‘ஹார்ஷ் நாய்ஸ் வால்’ என்ற வகை. வான்கூவரின் தி ரீட்டா, பிரான்ஸின் வோமிர் ஆகியோர் இதில் முக்கியமானவர்கள். வோமிர் கச்சேரிகளில் பார்வையாளர்கள் தலையில் கறுப்புப் பிளாஸ்டிக் பையை மாட்டிக்கொண்டு நிற்பது வழக்கம். கருத்து இல்லை, மாற்றம் இல்லை, வளர்ச்சி இல்லை என்பதே கொள்கை. இழை மாற்றி இழை பிடிக்கும் முறையைப் பற்றி மேலே சொன்னேன். அது இங்கே பலிக்காது, பிடித்த இழை எங்கும் போகாது.

ஆனால் வினைலில் ஒரு வேடிக்கை நடக்கிறது. பக்கத்தின் தொடக்கத்தில் நொடிக்கு 51 சென்டிமீட்டர், முடிவில் 21 என்று சொன்னேன் அல்லவா? கலைஞர் மாற்றமே இல்லாமல் கொடுத்த சுவர், ஊசி உள்ளே போகப் போக மெல்ல மெல்ல மங்குகிறது. கேட்டுக்கொண்டிருக்கும்போது தெரியாது. பக்கம் முடிந்ததும் ஊசியைத் தூக்கி மறுபடி வெளிவிளிம்பில் வைத்துப் பாருங்கள். சன்னலைத் திறந்தது போலிருக்கும். இந்த வகையைத் தூய்மையாகக் கேட்க விரும்புகிறவர்கள் சிடிக்குப் போக வேண்டும். நான் தட்டில் கேட்பது இந்த மங்கலுக்காகத்தான், அது கலைஞரின் நோக்கத்துக்கு எதிரானது என்று தெரிந்தும்.

போடப் போடத் தட்டு தேயுது, புதுசு புதுசாச் சத்தம் சேருது. அப்ப நான் கேட்கிறது யாரோட இரைச்சல்?

இந்தக் கேள்வியை ஒரு தட்டாகவே செய்தவர் கிறிஸ்டியன் மார்க்லே என்னும் கலைஞர். 1985இல் அவர் வெளியிட்ட ‘ரெக்கார்ட் வித்தவுட் எ கவர்’ உறையே இல்லாமல் விற்கப்பட்டது; பாதுகாப்பான உறையில் வைக்காதீர்கள் என்ற குறிப்பும் தட்டிலேயே பொறிக்கப்பட்டிருந்தது. கடையிலும் அஞ்சலிலும் அலமாரியிலும் படும் ஒவ்வொரு கீறலும் அதில் சேர்ந்துகொள்ளும், ஒரு பிரதி போல இன்னொன்று ஒலிக்காது. அந்தத் தட்டுக்கு அது பொருந்தும். அதை மற்ற தட்டுகளுக்கும் நீட்டி, ‘எல்லாக் கீறலும் கலைதான்’ என்று கவனமின்மைக்குச் சாக்குச் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. மெர்ஸ்பௌ வைக்காத சொடுக்கு மெர்ஸ்பௌவுடையது அல்ல.

என்றாலும் என்னிடம் உள்ள ‘தி செகண்ட் ஆனுவல் ரிப்போர்ட்’ மறுபதிப்பில், உள்ளுறையிலிருந்து அவசரமாக எடுத்தபோது நானே போட்ட கீறல் ஒன்று உண்டு. ‘ஆஃப்டர் சீஸ் டு எக்ஸிஸ்ட்’ என்னும் பக்கம் முழுவதையும் அடைத்த நீண்ட பகுதியின் நடுவில், 1.8 நொடிக்கு ஒன்றாகப் பதினொரு சொடுக்கு வந்து நின்றுவிடும். சென்ற ஆண்டு நண்பர் ஒருவர் வீட்டில் அவருடைய பிரதியைக் கேட்டுக்கொண்டிருந்தபோது, அந்த இடம் வந்ததும் என் விரல் தானாக எண்ணத் தொடங்கியது. சொடுக்கு வரவில்லை, பகுதி எனக்குப் பழக்கமில்லாத அமைதியோடு நகர்ந்து போனது. என் பிரதியை விற்கும் நாள் வந்தால் பதினொரு சொடுக்கு என்று எழுதித்தான் விற்க வேண்டும்.